ஹேங்கர் போச்சுன்னா விமானத்தை எங்க வைக்கிறது?

போன மாசம் நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார். கனடால ஒன்டாரியோ மாகாணத்துல ஒரு சின்ன ஏர்ஃபீல்டுல இருக்கிற விமான மியூசியத்துல சனிக்கிழமை சனிக்கிழமை போய் ரிவெட் அடிக்கிற ஆளு, சம்பளம் எல்லாம் கிடையாது, பெட்ரோல் காசும் இவரோடதுதான், வீட்டுல திட்டு வாங்கிட்டே போவார். அவங்க ஹேங்கரோட லீஸ் முடியப் போகுதாம், ஓனர் இனிமே புதுப்பிக்க மாட்டேன்னு சொல்லிட்டாராம். கமிட்டில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் பேப்பர்ல நியூஸ் போட்டு சண்டை போடலாம்ங்கறார், ஒருத்தர் பெரிய மியூசியத்துக்கு தூக்கிக் குடுத்துடலாம்ங்கறார், இன்னொருத்தர் நாலு கண்டெய்னர் வாங்கி உள்ள போட்டுட்டு அப்புறம் பாத்துக்கலாம்ங்கறார். "நீதான் இதையே படிச்சுட்டு கெடக்கியே, எது பரவால்லைன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு"ன்னு கேட்டார். ஒரு பக்கத்துல அடங்கல, அதான் இங்க போடறேன், வேற யாருக்காவது உதவினா சரி.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். மியூசியம் மொத்தத்துக்கும் ஒரே முடிவு எடுக்கணும்னு உக்காந்தா உருப்படாது. ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியா முடிவு எடுக்கணும். அந்த கண்டெய்னர் ஐடியா இருக்கே, அது பாக்கறதுக்கு ரொம்ப சாது மாதிரி இருக்கும், ஆனா இருக்கறதுலயே மோசமானது அதுதான். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி டொராண்டோ கதையை சொல்லணும், ஏன்னா இந்த எல்லா வழியும் அந்த ஒரே கதைல வருது.

டொராண்டோல இருக்கறவங்களுக்கு டவுன்ஸ்வியூ தெரிஞ்சிருக்கும், இப்ப ஷெப்பர்ட் வெஸ்ட்னு பேர் மாத்தின சப்வே ஸ்டேஷன் பக்கம். அங்க 65, கார்ல் ஹால் ரோடுன்னு ஒரு அட்ரஸ். டி ஹாவிலண்ட்ங்கற விமானக் கம்பெனி 1928ல கனடாவுக்கு வந்துச்சு, 1929ல அங்க ஃபேக்டரி கட்டினாங்க. அந்த டவுன்ஸ்வியூலதான் ரெண்டாம் உலகப் போர்ல மரத்துல செஞ்ச மஸ்கிட்டோ விமானம் ஆயிரத்துக்கு மேல வெளிய வந்துச்சு, அப்புறம் சிப்மங்க், 1947ல பீவர், அதுக்கப்புறம் ஓட்டர், கரிபூ, ட்வின் ஓட்டர், டேஷ் 8 வரைக்கும். நம்ம ஊர் ஆளுங்களுக்கு சம்பந்தமே இல்லாத பேர்னு நினைக்காதீங்க. இந்திய விமானப்படை ஓட்டரும் கரிபூவும் வெச்சிருந்துச்சு, 1951ல சிலோன் விமானப்படை ஆரம்பிச்சப்ப அவங்க முதல்ல பறந்தது இந்த சிப்மங்க் டிசைன்லதான், மாலத்தீவுல தண்ணில வந்து இறங்குற விமானத்துல ஏறி போட்டோ போடறோமே அதுவும் ட்வின் ஓட்டர்தான். 1962ல மேல போன கனடாவோட முதல் சேட்டிலைட் அலூயெட் 1, அதுலயும் இந்த கம்பெனியோட கை இருக்கு.

அந்தப் பழைய ஃபேக்டரிலதான் 1990கள் கடைசில ஒரு மியூசியம் ஆரம்பிச்சாங்க, டொராண்டோ ஏரோஸ்பேஸ் மியூசியம்னு, பின்னாடி கனடியன் ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியம்னு பேர் மாத்திக்கிட்டாங்க. பெரும்பாலும் ரிட்டயர்டான ஆளுங்க, அதுல சிலர் அதே இடத்துல வேலை பார்த்தவங்க. அவங்க பண்ணின பெரிய காரியம் ஆவ்ரோ ஏரோ. இந்த விமானத்தைப் பத்தி தெரியாதவங்களுக்கு: கனடாவே டிசைன் பண்ணி செஞ்ச போர் ஜெட். 1957 அக்டோபர் 4ஆம் தேதி வெளிய உருட்டிக் காட்டினாங்க, அன்னிக்குன்னு பார்த்து ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக்கை விட்டுட்டான், பேப்பர்ல ஏரோ நியூஸ் அமுங்கிப் போச்சு. 1958 மார்ச்ல பறந்துச்சு, 1959 பிப்ரவரி 20ஆம் தேதி கவர்ன்மென்ட் திட்டத்தையே நிறுத்திட்டாங்க, பறந்த அஞ்சு விமானத்தையும் வெட்டிப் போட்டாங்க. கனடாக்காரங்க இன்னிக்கும் இதைப் பேசினா கொஞ்சம் கண் கலங்குவாங்க. ஒரு விமானத்தோட மூக்குப் பகுதி மட்டும் தப்பிச்சு ஒட்டாவா மியூசியத்துல இருக்கு. அதனால இந்த வாலண்டியர்ஸ் முழு சைஸ்லயே ஒண்ணை மெட்டல்ல திரும்ப செஞ்சாங்க, நிஜத்தோட அதே அளவு, ரெக்கை குறுக்க 50 அடி. பல வருஷம் இழுத்துச்சு, 2006ல திறந்து காட்டினாங்க.

அது பக்கத்துலயே ஒரு லங்காஸ்டர், நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம், ரெக்கை 102 அடி, நம்பர் எஃப்எம்104, டொராண்டோ பக்கத்துல மால்டன்ல செஞ்சது. இது 1960கள்ல இருந்து 1999 வரைக்கும் ஏரிக்கரைல ஒரு கம்பத்து மேல நின்னுச்சு, மழை பனி புறா எச்சம் எல்லாம் வாங்கிட்டு. அப்புறம் டொராண்டோ யூனிவர்சிட்டில ஒரு குழு செஞ்ச ரெக்கை அடிச்சுப் பறக்குற விமானம், 2006ல இதே டவுன்ஸ்வியூ ரன்வேல 14 செகண்ட் பறந்துச்சு, சின்ன ஜெட் எஞ்சின் ஒண்ணு கூட தள்ளிவிட. 14 செகண்டுதான், ஆனா மனுஷன் உள்ள உக்காந்து பறந்தது.

2011 செப்டம்பர்ல இடத்தை காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்துச்சு, பூட்டையும் மாத்தியாச்சு. ஓனர் மத்திய அரசோட பார்க் கார்ப்பரேஷன். மியூசியத்துக்கு வாடகை பாக்கியும் இருந்துச்சு, அதையும் மறைக்கக் கூடாது. அந்த இடத்துல நாலு ஐஸ் ரிங்க் வரப் போகுதுன்னு சொன்னாங்க. கனடால ஹாக்கிக்கு முன்னாடி எதுவும் நிக்காதுங்கறது தெரிஞ்ச விஷயம், நான் அதுக்குள்ள போகல.

இப்ப நண்பரோட கமிட்டிக்கு வரேன்.

முதல் வழி, இருக்குற இடத்துலயே நின்னு சண்டை போடறது. டொராண்டோலயும் பண்ணாங்க, பத்திரிகை, கையெழுத்து, அரசியல்வாதிங்கன்னு எல்லாம். கட்டடம் பாரம்பரியக் கட்டடம்னு சொல்லி நிறுத்திடலாம்னு ஒரு நம்பிக்கை எல்லா மியூசியத்துக்கும் இருக்கு. அதுல ரெண்டு ஓட்டை. ஒண்ணு, இங்க பாரம்பரியக் கட்டடச் சட்டம் மாகாணத்தோடது, சிட்டி அதை வெச்சுதான் போர்டு மாட்டும், மத்திய அரசு நிலத்தை அது கட்டுப்படுத்தாது. இன்னொண்ணு, இது எனக்கே லேட்டாதான் உறைச்சுச்சு, பாரம்பரிய அந்தஸ்து காப்பாத்தறது சுவரை, வாடகைக்கு இருக்கறவனை இல்ல. டவுன்ஸ்வியூல நடந்ததைப் பாருங்க, அந்த ஐஸ் ரிங்க் அந்தக் கட்டடத்துல வரவே இல்ல. அதே 65 கார்ல் ஹால் ரோட்டை சென்டெனியல் காலேஜ் எடுத்து புதுப்பிச்சு, 2019ல அங்க ஏரோஸ்பேஸ் கேம்பஸ் திறந்தாங்க. ஸ்கார்பரோல ஆஷ்டன்பீ கேம்பஸ்ல நடந்த ஏர்கிராஃப்ட் மெக்கானிக் கோர்ஸ் எல்லாம் அங்க போச்சு, நம்ம பசங்க எத்தனையோ பேர் படிச்ச கோர்ஸ் அது. கட்டடம் பொழைச்சுது, அழகா பொழைச்சுது, விமான வேலைக்கே பொழைச்சுது, மியூசியம் மட்டும் அங்க இல்ல. அதனால கமிட்டில யாராவது "ஹெரிடேஜ் போர்டு மாட்டிட்டா நம்மள அசைக்க முடியாது"ன்னு சொன்னா இதை எடுத்துக் காட்டுங்க.

நின்னு ஜெயிச்சவங்களும் இருக்காங்க, ஆனா அவங்க ஜெயிச்சது பணத்தால. மிச்சிகன்ல வில்லோ ரன்னு ஒரு இடம், போர்க் காலத்துல ஃபோர்டு கம்பெனி பி-24 குண்டுவீச்சு விமானம் 8,685 செஞ்ச ஃபேக்டரி, உச்சத்துல மணிக்கு ஒண்ணுன்னு கணக்கு. அந்த ஏர்போர்ட்ல இருந்த யாங்கி ஏர் மியூசியத்தோட ஹேங்கர் 2004 அக்டோபர்ல எரிஞ்சு போச்சு. தீ புடிச்சிருக்கப்பவே பி-17, பி-25, சி-47 மூணையும் வெளிய தள்ளிட்டாங்க, மத்தபடி கருவி, காகிதம், லைப்ரரி எல்லாம் சாம்பல். அப்புறம் ஃபோர்டு ஃபேக்டரியை இடிக்கப் போறாங்கன்னதும் அதுல ஒரு மூலையை மட்டும் நாங்க வாங்கிக்கறோம்னு பணம் திரட்ட ஆரம்பிச்சாங்க. கெடு வந்துச்சு, பணம் சேரல, கெடுவை தள்ளி வெச்சாங்க, திரும்ப வந்துச்சு, திரும்ப தள்ளி வெச்சாங்க, கடைசில 2014ல வாங்கிட்டாங்க. இங்க கவனிக்க வேண்டியது என்னன்னா அந்த ஃபேக்டரி பின்னாடி ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கைக்குப் போயிருந்துச்சு, விக்கறவங்க ஜிஎம் திவாலானப்ப மிஞ்சின சொத்தை தீத்துக் கட்டறதுக்குன்னே அமைச்ச ஒரு டிரஸ்ட். கைல வெச்சிருக்க அவங்களுக்கு ஆசை இல்ல, நல்ல விலைக்கு ஆள் வந்தா போதும். நம்ம நண்பரோட ஓனர் அப்படியா? அந்த நிலத்துல வீடு கட்டற பிளான் இருந்தா, மியூசியம் எவ்வளவு திரட்டினாலும் அந்த விலைக்கு எட்டாது. டவுன்ஸ்வியூலயே பம்பார்டியர் தன்னோட நிலத்தை 2018ல ஒரு பென்ஷன் ஃபண்டுக்கு 635 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வித்துச்சு, ரன்வேயே 2024ல மூடியாச்சு. அந்த மாதிரி ஊர்ல கேக் பிஸ்கட் சுட்டு வித்து நிலம் வாங்க முடியாது. ஓனர் விக்க நினைக்கறாரா இல்ல கட்ட நினைக்கறாரா, இதைக் கேட்டுட்டு அப்புறம் சண்டையைப் பத்தி யோசிங்க.

ரெண்டாவது வழி கேட்டா சிரிப்பு வரும், ஆனா நடந்திருக்கு, கட்டடத்தையே தூக்கிட்டுப் போறது. சியாட்டில்ல போயிங் கம்பெனி ஆரம்பிச்ச சிவப்பு கொட்டகை, 1909ல படகு கட்டறதுக்குன்னு போட்ட மரக் கட்டடம். அந்த இடம் துறைமுகத்துக்கு கைமாறினதும் ஒரு டாலர் குடுத்து கட்டடத்தை மட்டும் வாங்கி, 1975 டிசம்பர்ல மிதவைல ஏத்தி ஆத்து வழியா ரெண்டு மைல் மேல கொண்டுபோய் வெச்சாங்க. அங்கதான் இன்னிக்கு மியூசியம் ஆஃப் ஃபிளைட் இருக்கு. மரம், பக்கத்துல ஆறு, போயிங் ஊர், இந்த மூணும் சேர்ந்து வந்தா பண்ணுங்க. நண்பர் ஹேங்கர் தகரமும் இரும்பும், பக்கத்துல ஓடறது ஹைவே 401. அடுத்தது.

வேற இடத்துக்கு மாறிப் போறது. இதுதான் நியாயமான வழி மாதிரி இருக்கும், நிறைய பேர் பண்ணியும் இருக்காங்க. ஹாமில்டன்ல கனடியன் வார்பிளேன் ஹெரிடேஜ் மியூசியம், 1993ல ஹேங்கர்ல தீ, ஹரிக்கேன் உள்பட அஞ்சு விமானம் போச்சு, 1996ல புதுக் கட்டடத்துல வந்து உக்காந்துட்டாங்க. உலகத்துல இன்னும் பறக்குற லங்காஸ்டர் ரெண்டே ரெண்டு, அதுல ஒண்ணு அவங்ககிட்டதான், வெயில் காலத்துல தலைக்கு மேல போனா அந்த நாலு மெர்லின் எஞ்சின் சத்தம் நெஞ்சுல கேக்கும். சான் டியாகோல 1978 பிப்ரவரில யாரோ வெச்ச தீல மியூசியம் மொத்தமும் போச்சு, ரெண்டே வருஷத்துல சும்மா கெடந்த பழைய ஃபோர்டு பில்டிங்குக்கு மாறி திறந்துட்டாங்க. இந்த ரெண்டுலயும் என்ன இருக்குன்னா, தீ விபத்துன்னா ஊர் பரிதாபப்படும், காசு வரும். லீஸ் முடிஞ்சுதுன்னா யாருக்கும் பரிதாபம் வராது, வாடகைக்கு இருந்தா காலி பண்ணித்தானே ஆகணும்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கசப்பா இருக்கு, ஆனா நிதி திரட்டப் போறப்ப இதை மனசுல வெச்சுக்கணும்.

மாறிப் போற இடம் எவ்வளவு தூரம்ங்கறதுதான் அடுத்த தலைவலி. டவுன்ஸ்வியூ ஏரோ ரெப்ளிக்கா, நடுவுல பியர்சன் ஏர்போர்ட் பக்கம் இருந்துட்டு, இப்ப ஈடன்வேல் ஏரோட்ரோம்ல இருக்கு, பாரி தாண்டி ஸ்டெய்னர் பக்கம். டொராண்டோல இருந்து ஒன்றரை மணி நேரம், அதுவும் ஹைவே 400ல டிராஃபிக் இல்லாட்டி, பனி கொட்டாட்டி. விமானத்துக்கு அங்க கூரை கிடைச்சுது, ரன்வே கிடைச்சுது, நல்ல விஷயம். ஆனா சப்வேல வந்து பாத்த பள்ளிக்கூடப் பசங்க அங்க சப்வேல போக முடியாது. எழுவது வயசுல சனிக்கிழமை காலைல டிம் ஹார்ட்டன்ஸ் காபியோட வந்து ரிவெட் அடிச்ச மனுஷன் ஜனவரில மூணு மணி நேரம் போக வர ஓட்டுவாரா? கட்டடத்தைத் தேடறப்ப எல்லாரும் சதுர அடியைத்தான் பாக்கறாங்க, வாலண்டியர்ஸ் வீட்டு அட்ரஸை மேப்ல குத்தி அதுக்கு நடுவுல எது இருக்குன்னு யாரும் பாக்கறதில்ல. நண்பர்கிட்ட இதை செய்யச் சொன்னேன், இருபத்தி மூணு பேர்ல பதினாறு பேர் அரை மணி நேரத்துக்குள்ள இருக்காங்கன்னு தெரிஞ்சுது, உடனே ரெண்டு தூரத்து ஏர்ஃபீல்டு லிஸ்ட்ல இருந்து போச்சு.

அப்புறம் இன்னொரு கேள்வி, எல்லாத்துக்கும் ரன்வே வேணுமா? பறக்குற விமானத்துக்கு வேணும். நிக்கறதுக்கு மட்டும் இருக்குற விமானத்துக்கு ஊருக்குள்ள காலியா கெடக்குற பழைய கடை, குடோன் போதும், கதவு அகலமா இருந்தா. கதவு அகலம், ஸ்பிரிங்க்ளர், ஹீட்டிங், இந்த மூணுலதான் பட்ஜெட் ஓட்டை விழும். ஃபயர் இன்ஸ்பெக்டர் வந்து பொதுமக்களை உள்ள விடணும்னா இது வேணும் அது வேணும்னு எழுதிக் குடுக்கற பேப்பரைப் பாத்துட்டு வாடகைல கையெழுத்து போடுங்க, போட்டுட்டு பாக்காதீங்க.

நாலாவது, வேற மியூசியத்துக்கு குடுக்கறது. கமிட்டில இதைச் சொன்ன மனுஷனை துரோகி மாதிரி பாத்தாங்களாம். எனக்கு அவர்மேல மரியாதைதான் வருது. டவுன்ஸ்வியூ லங்காஸ்டரை எடுத்துக்கங்க. அது மியூசியத்தோடதே இல்ல, டொராண்டோ சிட்டியோடது. மியூசியம் போனதும் அது பிரிச்ச நிலைல ஸ்டோரேஜ்ல கெடந்துச்சு. ஒன்டாரியோலயே இருக்கணும்னு ஒரு பக்கம் கேட்டாங்க, விக்டோரியால பிரிட்டிஷ் கொலம்பியா ஏவியேஷன் மியூசியம் எங்ககிட்ட குடுங்கன்னு கேட்டாங்க, 2018ல சிட்டி கவுன்சில் ஓட்டுப் போட்டு விக்டோரியாவுக்கு குடுத்துச்சு. லாரில ஏத்தி நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல, கடைசில ஃபெர்ரில தீவுக்கு. மால்டன்ல பொறந்த விமானம் பசிபிக் கரைல போய் சேர்ந்துச்சு, மனசுக்கு கஷ்டம்தான். ஆனா அங்க கூரைக்குக் கீழ ஆளுங்க அதுமேல வேலை செய்யறாங்க. 2011ல இருந்து 2018 வரைக்கும் ஏழு வருஷம் அது துண்டு துண்டா கெடந்ததை நினைச்சா, 2012லயே குடுத்திருந்தா என்னன்னு தோணுது.

இதுல முதல் பாடம், உங்க ஹேங்கர்ல நிக்கறது எல்லாம் உங்களோடது இல்ல. ராணுவத்துல இருந்தோ வேற மியூசியத்துல இருந்தோ கடனா வந்த விமானம் நிறைய இருக்கும். கடன் குடுத்தவன் இடம் சரியில்லன்னா திரும்பக் கேப்பான், அமெரிக்க விமானப்படை மியூசியம் குடுக்கற விமானங்கள் எல்லாம் அப்படித்தான், மியூசியம் மூடினா திரும்பப் போயிடும். அதனால பத்திரத்தை எடுத்து வெச்சு எது நம்மோடது எது இல்லன்னு பிரிக்கறதுக்கு முன்னாடி பேசற எந்தப் பேச்சும் வெட்டிப் பேச்சு. ரெண்டாவது, பெரிய மியூசியங்க பொறுக்கித்தான் எடுப்பாங்க. அபூர்வமானதை எடுத்துப்பாங்க, எல்லா இடத்துலயும் இருக்குற ட்ரெய்னர் விமானத்தை வேணாம்பாங்க, உள்ளூர் ஆள் கராஜ்ல செஞ்ச விமானத்தை சத்தியமா வேணாம்பாங்க. குடுக்கறப்ப எழுத்துல ரெண்டு வரி வாங்கிக்கங்க: கூரைக்குக் கீழதான் வைக்கணும், பின்னாடி உங்களுக்கு வேணாம்னா எங்ககிட்ட முதல்ல கேக்கணும். இந்த ரெண்டும் இல்லாம குடுத்தா, பத்து வருஷம் கழிச்சு அது ஏதாவது ஊர் எல்லைல கம்பத்துல குத்தி நிக்கும், திரும்ப புறா எச்சம்.

ஒரு பணக்காரர் கைல குடுக்கறதும் இதுல ஒரு வகைதான், ஆனா அந்த ஒருத்தரை நம்பியே இருக்கணும். ஹோவர்ட் ஹியூஸ் மரத்துல கட்டின பெரிய விமானம், ரெக்கை 320 அடி, 1947ல ஒரே ஒரு தடவை பறந்துச்சு, லாங் பீச்ல ஒரு குமிழ்க் கூரைக்குள்ள இருந்துச்சு. டிஸ்னி கைவிட்டதும் எவர்கிரீன் ஏர்லைன்ஸ் ஓனர் 1992ல வாங்கி ஓரிகனுக்கு கொண்டுபோய் அதுக்குன்னே மியூசியம் கட்டினார், 2001ல திறந்துச்சு. 2013ல அந்த ஏர்லைன்ஸ் திவால், மியூசியமும் ஆட்டம் கண்டுச்சு, நல்லவேளை தப்பிச்சுது. மைக்ரோசாஃப்ட் பால் ஆலன் சேர்த்த விமானங்களும் அவர் 2018ல செத்ததுக்கு அப்புறம் 2020ல கதவை மூடி, 2022ல வேற பணக்காரருக்கு வித்து, 2023லதான் திரும்ப திறந்துச்சு. காசு இருக்குற ஆளு கிடைச்சா வேணாம்னு சொல்லாதீங்க, ஆனா அவர் வாரிசு யாருன்னும் விசாரிங்க.

இப்ப கண்டெய்னர். இதை ஆதரிக்கறவங்க சொல்றது, செலவு கம்மி, யாரையும் நோகடிக்க வேணாம், எந்த முடிவும் எடுக்க வேணாம். அந்த மூணாவதுதான் பிரச்சனையே. கனடா குளிர்ல கண்டெய்னருக்குள்ள ராத்திரி உறையும், பகல்ல வெயில் பட்டா உள் கூரைல வேர்த்து சொட்டும், அலுமினியத்துல வெள்ளைப் பொடி பூக்க ஆரம்பிக்கும், மர விமானம்னா பசை விட்டுப் போகும், எலி துணிச் சீட்டுல கூடு கட்டும். இதெல்லாம்கூட சமாளிக்கலாம். பெரிய சேதம் வேற.

போன வசந்தத்துல நண்பரோட ஒரு நாள் போயிருந்தேன். அவங்ககிட்ட ஏற்கனவே ஒரு கண்டெய்னர் இருக்கு, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி "தற்காலிகமா" ஒரு பீவரோட பாகத்தைப் போட்டு வெச்சது. திறந்தோம். துரு நாத்தமும் எலிப் புழுக்கை நாத்தமும் கலந்து அடிச்சுது. ரெக்கை ரெண்டும் பழைய மெத்தை மேல சாஞ்சிருந்துச்சு, பாக்க பரவால்ல. பக்கத்துல நீல கலர் டேனிஷ் பட்டர் குக்கீஸ் டப்பா ஆறு, நம்ம வீட்டுல தையல் நூல் போட்டு வைப்போமே அதேதான். உள்ள போல்ட், நட், வாஷர், சின்ன சின்ன பிராக்கெட். ஒவ்வொரு டப்பா மேலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி பேனால எழுதியிருந்திருக்காங்க. பதினோரு வருஷத்துல மை மொத்தமா வெளுத்துப் போச்சு. ஒரு டேப்ல மட்டும் "இடது" வரைக்கும் தெரியுது, இடது என்னன்னு தெரியல. எழுதினவர் கையெழுத்துதான்னு நண்பர் சொன்னார், அவர் மூணு வருஷம் முன்னாடி தவறிட்டார். நண்பர் அந்த டப்பாவை மூடி திரும்ப வெச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

கண்டெய்னர்ல கெட்டுப் போறது விமானம் மட்டும் இல்ல, அதைத் திரும்ப பூட்டத் தெரிஞ்ச ஆளுங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டிருக்காங்க, அந்தக் கணக்கை யாரும் பேப்பர்ல போடறதில்ல. கட்டாயம் போட்டுத்தான் ஆகணும்னா, எந்தத் தேதில வெளிய எடுப்போம், எடுக்க முடியலன்னா யாருக்குப் போகும்னு அன்னிக்கே எழுதி கையெழுத்து போட்டுட்டு பூட்டுங்க.

இதையெல்லாம் வெச்சு நண்பரோட லிஸ்ட்டை எடுத்து உக்காந்தோம். ஹார்வர்டுன்னு ஒரு பழைய ட்ரெய்னர் விமானம் இருக்கு, பறக்கற கண்டிஷனுக்கு கிட்ட, நம்மோடது, பத்திரம் இருக்கு. அது ரன்வே உள்ள இடத்துலதான் இருக்கணும், டில்சன்பர்க்ல ஹார்வர்டுக்குன்னே ஒரு சங்கம் இருக்கு, முதல்ல அவங்ககிட்ட பேசறதுன்னு முடிவு. ஜெட் ட்ரெய்னர் கடன்ல வந்தது, திரும்பக் கேக்கறதுக்கு முன்னாடி நாமளே லெட்டர் போட்டு எங்க வைக்கலாம்னு கேக்கறது. டைகர் மாத் சின்னது, ரெக்கை கழட்டினா குடோன்ல, மால்ல, லைப்ரரி ஹால்லகூட நிக்கும், அதை ஊரை விட்டு அனுப்பக் கூடாது, ஊர்க்காரங்க ஓட்டின விமானம் அது, மியூசியத்தோட முகமே அதுதான். பீவர் பாகங்களைப் பொறுத்தவரைக்கும், நண்பருக்கு இஷ்டம் இல்லாட்டியும், வேற பீவரை சரி பண்ணிட்டிருக்கற யாருக்காவது குடுக்கறதுதான் நியாயம்னு நான் சொன்னேன், உலகம் பூரா இன்னும் பீவர் பறந்துட்டிருக்கு, அந்த ரெக்கைக்கு இன்னும் வேலை இருக்கு. அவர் "பாப்போம்"னார். போட்டோ, டிராயிங், லாக் புக் எல்லாம் இந்த வாரமே ஸ்கேன் பண்ண ஆரம்பிக்கணும், அதுக்கு ஹேங்கரும் வேணாம் ஓனர் பர்மிஷனும் வேணாம், யாங்கி மியூசியத்துல எரிஞ்சு போனதுல திரும்ப வாங்கவே முடியாதது காகிதம்தான்.

இடம்னு பாத்தா, முப்பது வருஷ லீஸ் கிடைக்கிற தூரத்து ஏர்ஃபீல்டை விட, ஊருக்குள்ள அஞ்சு வருஷத்துக்கு கிடைக்கிற பழைய கார்பெட் கடைதான் எனக்குப் புடிச்சிருக்கு. கமிட்டில பாதிப் பேருக்கு இது அவமானமா இருக்குமாம், விமான மியூசியம் கார்பெட் கடைலயான்னு. அங்க ஒரு டைகர் மாத்தும் நாலு எஞ்சினும் ஒர்க் பெஞ்ச்சும் வெச்சு சனிக்கிழமை ஆளுங்க வந்து போனா மியூசியம் உயிரோட இருக்கும். அஞ்சு வருஷம் கழிச்சு? திரும்ப இதே கேள்வி வரும்தான். ஆனா அப்ப லிஸ்ட் ரெடியா இருக்கும்.

கமிட்டி மீட்டிங் வர்ற வியாழக்கிழமை. அஜெண்டால முதல் ஐட்டமா கண்டெய்னர் ஓட்டுப் போடறதுன்னு இருந்துச்சாம், நண்பர் அதைத் தள்ளிட்டு வேற ஒண்ணைப் போட்டிருக்கார். ஆறு குக்கீஸ் டப்பாவும் மேஜைல இருக்கும், பீவர் வேலை பார்த்தவங்கள்ல இன்னும் இருக்கற ரெண்டு பேரை கூப்பிட்டிருக்கார், ஒருத்தருக்கு எண்பத்தி நாலு வயசு. எந்த போல்ட் எங்க போகும்னு அவங்க சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுதணும், அழியாத மார்க்கர்ல, தகரச் சீட்டுல பஞ்ச் பண்ணி கட்டினா இன்னும் நல்லதுன்னு சொல்லியிருக்கேன்.